99 டாலர் பில்களும் 15 சதவீத நேரமும்: 3எம் கதை

இன்னைக்குக் கதை உப்புத்தாளில் ஆரம்பிக்குது. கார்ப்பென்டர் கையில பார்த்திருப்பீங்களே, அதேதான்.

1902-ல அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், டூ ஹார்பர்ஸ்னு ஒரு சின்ன ஊரில், ஐந்து பேர் சேர்ந்து ஒரு சுரங்கக் கம்பெனி தொடங்கினாங்க. பெயர் மினசோட்டா மைனிங் அண்ட் மேனுஃபேக்சரிங். இன்னைக்கு 3எம். குருந்தம் என்ற கடினமான கல்லை வெட்டி எடுத்து, சாணைக்கல் செய்றவங்களுக்கு விற்கணும், அதுதான் பிளான். (இங்கிலீஷ்ல அந்தக் கல்லுக்கு இருக்கிற கொரண்டம்ங்கிற பெயரே நம்ம குருந்தத்திலிருந்து போனதுதான். அது தனி எபிசோடுக்கான விஷயம்.) தோண்டிப் பார்த்தா கிடைச்சது குருந்தமே இல்லை. அனார்த்தோசைட்னு, அந்த வேலைக்கு உதவாத வேற ஒரு கல். கம்பெனி பெயரில் மைனிங் இருக்கு, சுரங்கத்தில் சரக்கு இல்லை. வேற வழியில்லாம உப்புத்தாள் தயாரிப்புக்கு இறங்கினாங்க.

1907-ல அங்கே கணக்குப்பிள்ளைக்கு உதவியாளரா சேர்ந்தவர் வில்லியம் மெக்நைட். இன்ஜினியர் கிடையாது. படிப்படியா மேலே வந்து கம்பெனியையே நடத்த ஆரம்பிச்சார். 1921-ல அவர் கம்பெனியில் ரிச்சர்ட் ட்ரூன்னு ஒரு பையன் லேப் வேலைக்குச் சேர்ந்தான். இன்ஜினியரிங் படிப்பைப் பாதியில் விட்டவன், டான்ஸ் பார்ட்டிகளில் பான்ஜோ வாசிச்சுக் காசு சம்பாதிச்சவன்.

ட்ரூவோட வேலை, புது உப்புத்தாள் சாம்பிளை கார் பெயின்டிங் பட்டறைகளில் கொடுத்து டெஸ்ட் பண்றது. அந்தக் காலத்தில் காருக்கு இரண்டு கலர் அடிக்கிறது ஃபேஷன். ஒரு கலர் அடிச்ச இடத்தில் நியூஸ்பேப்பரைப் பசை போட்டு ஒட்டி மறைச்சுட்டு அடுத்த கலரை அடிப்பாங்க. பேப்பரைப் பிரிச்சா பெயின்ட்டும் சேர்ந்து உரிஞ்சு வரும். ஒரு பட்டறையில் பெயின்டர் கெட்ட வார்த்தையில் திட்டிக்கிட்டு இருந்ததைக் கேட்ட ட்ரூ, "இதுக்கு நான் ஒரு வழி பண்றேன்"னு வாக்குக் கொடுத்துட்டான். அவன் கம்பெனி அப்போ டேப்பே தயாரிக்கலைங்கிறதைக் கவனிங்க.

இதுக்கு அப்புறம் நடந்ததாக 3எம்-ல தலைமுறை தலைமுறையா சொல்லப்படும் கதை இதுதான். சரியான பசையும் சரியான பேப்பரும் கிடைக்காம மாசக்கணக்கில் போராடினான் ட்ரூ. "போதும்ப்பா, உப்புத்தாள் வேலையைப் பாரு"ன்னு மெக்நைட் நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நாள் கேட்டுட்டு, பையன் மறுபடி அதையே ஆரம்பிச்சான். லேப் பக்கம் வந்த மெக்நைட் அதைப் பார்த்தார், பார்த்துட்டு எதுவும் சொல்லாம போயிட்டார். அப்புறம் ஒரு பேப்பர் மெஷின் வேணும்னு ட்ரூ கேட்டப்போ முடியாதுன்னு மறுத்துட்டார். 100 டாலர் வரைக்கும் யாரையும் கேட்காம வாங்கும் அதிகாரம் ட்ரூவுக்கு இருந்தது. அவன் 99 டாலர், 99 டாலர்னு தனித்தனி பில்லா போட்டு மெஷினை உள்ளே கொண்டுவந்துட்டான்!

1925-ல மாஸ்கிங் டேப் வந்தது. 1930-ல, பொருளாதாரப் பெருமந்தம் தொடங்கின சமயத்தில், அதே ட்ரூ கண்ணாடி மாதிரி இருக்கும் செலோஃபேன் டேப்பைக் கொண்டுவந்தார். கிழிஞ்ச புத்தகத்தையும் உடைஞ்ச பொம்மையையும் ஒட்டிப் பிழைக்க வேண்டிய காலம், டேப் பிச்சுக்கிட்டுப் போச்சு. உப்புத்தாள் கம்பெனி டேப் கம்பெனியா மாறினது இப்படித்தான்.

இந்தக் கதையை எல்லாரும் ட்ரூவோட கதையா சொல்றாங்க. எனக்கு இது மெக்நைட்டோட கதையா தெரியுது. சொன்ன பேச்சைக் கேட்காத ஜூனியரைக் கண்ணால பார்த்துட்டுச் சும்மா போறது லேசான வேலையா? மேனேஜர் பொறுப்பில் ஒரு வாரம் இருந்தவங்களுக்குக்கூடத் தெரியும். 1948-ல மெக்நைட் தன் நிர்வாகக் கொள்கையை எழுதி வச்சப்போ சாராம்சம் இதுதான்: நல்ல ஆளை எடுங்க, வேலையை அவங்க வழியில் செய்ய விடுங்க, தப்பு நடக்கும், அதுக்காகக் கடுமையா நொறுக்குற நிர்வாகம் முயற்சியையே கொன்னுடும். டெக்னிக்கல் ஆட்கள் தங்கள் நேரத்தில் 15 சதவீதத்தைச் சொந்த யோசனைக்குச் செலவழிக்கலாம் என்ற 3எம் வழக்கத்தையும் இந்தக் காலத்தோடுதான் சேர்த்துச் சொல்வாங்க. 2004-ல பங்குச் சந்தைக்கு வந்தப்போ கூகுள் நிறுவனர்கள் கடிதத்தில் எழுதிய 20 சதவீதத்துக்கு இதுதான் அண்ணன்.

நம்ம ஊரு ஐடி கம்பெனிகளும் இந்த நம்பரை மட்டும் பிடிச்சுக்கிச்சு. வெள்ளிக்கிழமை இன்னொவேஷன் டே, வருஷத்துக்கு ஒரு ஹேக்கத்தான், டி-ஷர்ட், பீட்சா. திங்கட்கிழமை டைம்ஷீட்டில் பில் பண்ண முடியாத மணி நேரம் சிவப்புக் கலரில் நிக்கும். அங்கே 15 சதவீதம் கொடுத்தாலும் 50 கொடுத்தாலும் ஒண்ணுதான்.

போஸ்ட்-இட் கதையிலும் நேரம் மட்டும் போதலை. 1968-ல ஸ்பென்சர் சில்வர் என்ற கெமிஸ்ட் பலமான பசை தேடப்போய், ஒட்டிப் பிரிக்கிற, திரும்ப ஒட்டுற பலவீனமான ஒரு பசையைக் கண்டுபிடிச்சார். எதுக்குப் பயன்படும்னு அவருக்கே தெரியலை. வருஷக்கணக்கில் கம்பெனிக்குள் போற இடமெல்லாம் அதைப் பற்றிப் பேசினார். டெக்னிக்கல் ஆட்கள் துறை தாண்டிச் சந்திக்கிற டெக் ஃபோரம் 3எம்-ல 1951-லேயே இருந்தது, வேற பிரிவு ஆள் வந்து பேசுறது அங்கே சகஜம். 1974-ல ஆர்ட் ஃப்ரைங்கிற இன்னொரு பிரிவு இன்ஜினியருக்கு, சர்ச் பாட்டுக் குழுவில் நின்னப்போ பாட்டுப் புத்தகத்தில் வச்ச துண்டுச்சீட்டு நழுவி நழுவி விழுந்த எரிச்சலில், எப்பவோ காதில் விழுந்த அந்தப் பசை ஞாபகம் வந்தது. 1977-ல நாலு ஊரில் விற்றுப் பார்த்தாங்க, சரியா போகலை. அடுத்த வருஷம் பாய்ஸி நகரில் இலவசமா கொடுத்தப்போதான் ஜனங்க விடலை. 1980-ல அமெரிக்கா முழுக்க விற்பனைக்கு வந்தது.

கணக்குப் போடுங்க, 12 வருஷம். இதில் முதல் ஆறு வருஷம் "யார் வாங்குவாங்க?"ன்னு யாராவது ஃபார்ம் நீட்டியிருந்தா சில்வர் என்ன நிரப்பியிருப்பார்?

அந்த ஃபார்ம் பிறகு நிஜமாவே வந்தது. 2001-ல ஜெனரல் எலக்ட்ரிக்கிலிருந்து ஜேம்ஸ் மெக்நெர்னி தலைவரா வந்தார். சுமார் 8,000 பேரை வேலையைவிட்டு அனுப்பினார், சிக்ஸ் சிக்மாவைக் கொண்டுவந்தார். மோட்டோரோலாவில் 1980-களில் பிறந்த முறை அது. பத்து லட்சம் வாய்ப்பில் 3.4 தவறுக்குமேல் வரக்கூடாதுங்கிறது இலக்கு. ஃபேக்டரிக்கு அருமையான சாமான், நான் கிண்டல் பண்ணலை. 3எம் லாபமும் ஏறுச்சு, வால் ஸ்ட்ரீட் கை தட்டுச்சு. ஆனா ஒவ்வொரு டேப் ரோலும் முந்தினது மாதிரியே இருக்கணும்னு பாடுபடுற முறையை ஆராய்ச்சி லேப்புக்குள்ளேயும் விட்டாங்க. லேப்போட வேலையே முந்தினது மாதிரி இல்லாத ஒண்ணைக் கொண்டுவர்றது.

முன்னாடி 3எம் விற்பனையில் மூணில் ஒரு பங்கு, கடைசி ஐந்து வருஷத்தில் வந்த பொருட்களிலிருந்து கிடைச்சுக்கிட்டு இருந்தது. 2007-ல வெளியான கணக்குப்படி அது நாலில் ஒரு பங்கா இறங்கியிருந்தது. அதுக்குள் மெக்நெர்னி போயிங்குக்குப் போயிட்டார், 2005-லேயே. அவர் இருந்த வரைக்கும் ரிப்போர்ட்டில் எல்லாம் பச்சைதான். லேப்பில் இன்னைக்கு நிறுத்தினது கடையில் இல்லைன்னு தெரிய வருஷங்கள் ஆகும், அதனால் நிறுத்தினவர் கணக்கில் அது விழவே விழாது.

அடுத்து வந்த ஜார்ஜ் பக்லி, பிஎச்டி முடிச்ச எலக்ட்ரிக்கல் இன்ஜினியர். ஃபேக்டரியில் சிக்ஸ் சிக்மாவை வச்சுக்கிட்டு, ஆராய்ச்சிக்காரங்க கழுத்திலிருந்து அந்தக் கயிற்றைத் தளர்த்தினார், ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் பணத்தைக் கூட்டினார்.

மோட்டோரோலா ஏன் சிக்ஸ் சிக்மா பக்கம் போச்சு, அதை அடுத்த எபிசோடில் பேசுவோம்.