மறைந்த மக்கள் பூங்கா

திருவள்ளூரிலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் மின்சார ரயிலில் வருவோர் சென்னையில் இறங்கும் மூர் மார்க்கெட் நிலையம், முன்னாளில் ஒரு பெரும் பூங்காவின் மண். கவர்னர் சர் சார்லஸ் டிரெவெல்யன் 1859-இல் திட்டமிட்ட 'பீப்பிள்ஸ் பார்க்' அது. பரப்பு 116 ஏக்கர்; குளங்களும் பாண்டு வாத்திய மேடையும் விலங்குக்காட்சிசாலையும் அதனுள் இருந்தன. எழும்பூர் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும், உயிருள்ள விலங்குகள் திரிந்த இவ்விடத்தை 'உயிர்க் காலேஜ்' என்றும் பாமரர் அழைத்தனர். கல்லூரி வாசலை மிதியாதவர் இட்ட பெயர்கள்! ஆயினும், ஆசிரியத் தொழில் புரிந்த எனக்கு இவற்றினும் பொருத்தமானவை தோன்றவில்லை.

1886 டிசம்பர் 31-ஆம் நாள் அங்கு நடந்த கண்காட்சியில் தீப்பற்றி 300-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்பெருந்தீயும் பூங்காவை ஒழிக்கவில்லை. ஒழித்தவை நற்காரியங்களே. விக்டோரியா மண்டபம், 1900-இல் மூர் மார்க்கெட், 1913-இல் ரிப்பன் மாளிகை, பின்னர் விளையாட்டரங்கம் என ஒவ்வொன்றும் ஒரு துண்டு நிலம் கொண்டது. யாவும் பொதுநலத்துக்கே, ஆதலின் எஞ்சிய புல்வெளிக்காகப் பரிந்து பேசுவது எளிதாயில்லை.

1985-இல் மூர் மார்க்கெட்டும் எரிந்தது. அதே ஆண்டு வண்டலூரில் புதிய உயிரியல் பூங்கா திறக்கப்பட்டது. சிங்கத்தைக் காண விரும்புவோர் இன்று நகரைக் கடந்து அவ்வளவு தூரம் செல்ல வேண்டும்.