கலப்பத்து: கடல் இல்லாத மாவட்டத்திலிருந்து ஒரு பாய்மர வரலாறு

மாத்தளை மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. எங்களுக்கு இருக்கிறது கண்டலமக் குளமும் மொரகஹகந்த நீர்த்தேக்கமும் இன்னும் பல சின்னக் குளங்களும்தான். அதுகள்ல ஓடுறது திலாப்பியா பிடிக்கிற ஃபைபர் ஓடங்கள். பாய் கட்டின வள்ளம் ஒன்றை இங்க யாரும் பார்த்திருக்க மாட்டாங்க. அப்ப பழைய பாய்மர வள்ளங்களை எப்படித் திருத்தினாங்க, எப்படிப் பராமரிச்சாங்க என்று நாங்க ஏன் எழுதணும்?

காரணம் ரொம்ப எளிது. மாத்தளையில இன்றைக்கு வாழ்ற மலையகத் தமிழர்ல பெரும்பாலானவங்களோட பூட்டன் பூட்டி இந்த ஊருக்கு வந்த பாதையில முதல் துண்டு கடல். 19ஆம் நூற்றாண்டுல கோப்பித் தோட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டப்போ தொண்டி, தேவிபட்டினம், இராமேஸ்வரம் பக்கத்துக் கரைகள்லேருந்து தோணியில ஏறி மன்னார்க் கரையில இறங்கினாங்க. அங்கேருந்து காட்டுவழியா மதவாச்சி, தம்புள்ளை, நாலந்தா தாண்டி நடந்தே மாத்தளைக்கு வந்தாங்க. 200 கிலோமீற்றருக்கு மேல நடை. வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியில விழுந்தவங்க ஏராளம். 2023இல், மலையகம் 200ஐ ஒட்டி, ஜூலை 28 தொடங்கி ஓகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் மக்கள் நடந்தாங்களே, அது இந்தப் பாதையை நினைச்சுத்தான்.

அந்த நடையைப் பற்றி நிறைய எழுதியாச்சு. நடைக்கு முந்தின கடல் துண்டைப் பற்றி நாங்க அவ்வளவா பேசுறதில்ல. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில சுமார் 30 கிலோமீற்றர்தான். ஆனா அந்தத் தண்ணி ஆழம் குறைஞ்சது, மணல்திட்டு நிறைஞ்சது, காற்று மாறினா ஒரு மணித்தியாலத்துல முகம் மாறுற கடல். 1864இல் 'ஆதிலட்சுமி' கவிழ்ந்து 120 பேர் மூழ்கிப்போனதா மலையக வரலாறு எழுதினவங்க பதிவு செஞ்சிருக்காங்க. 1914இல் தலைமன்னாருக்கு ரயிலும் தனுஷ்கோடியிலிருந்து நீராவிக் கப்பலும் வந்த பிறகுதான் இந்தக் கடவையில பாயோட காலம் முடிஞ்சது.

இந்தக் கரைகள்ல ஓடின வள்ளமும் தோணியும் பல வகை. அதுகளை உட்கார்ந்து பார்த்து எழுதினவர்ல முக்கியமானவர் ஜேம்ஸ் ஹார்னெல். மதராஸ் மாகாணத்து மீன்துறையில வேலை பார்த்தவர். 1920இல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி அவர் எழுதினது இன்றைக்கும் பயன்படுது. பாக்கு நீரிணைப் பக்கத்து வள்ளங்கள்ல ஒரு தனி ஏற்பாட்டை அவர் கவனிச்சார். வள்ளத்துக்குக் குறுக்கே ஒரு நீளப் பலகை இருக்கும். காற்று பலமா அடிச்சு வள்ளம் ஒரு பக்கம் சாயும்போது, ஆட்கள் மறுபக்கத்துப் பலகை நுனிக்குப் போய் நிப்பாங்க. மனுசப் பாரமே வள்ளத்தை நிமிர்த்தும். நீர்கொழும்புப் பக்கம் 'ஒருவ' என்கிற வள்ளத்துல அந்த வேலையைப் பக்கத்துல கட்டின மிதவைக் கட்டை செய்யுது. அதுல பலகைக்குப் பலகை ஆணி இல்ல, தென்னங்கயிறு போட்டுத் தச்சிருப்பாங்க.

இனி எங்களுக்குப் பிடிச்ச பகுதிக்கு வாறோம். மரத்தால செஞ்ச வள்ளம் கட்டி முடிச்ச நாள்லேருந்தே கெடத் தொடங்குது. தண்ணியில இருக்கும்போது பலகை ஊதும், கரையில வெயில்ல கிடந்தா சுருங்கும். ஊதிச் சுருங்கி ஊதிச் சுருங்கி பலகைக்கு நடுவுல இருக்கிற இடுக்கு விரியும். கப்பல் புழு என்று ஒன்று இருக்கு. உண்மையில அது புழு இல்ல, மட்டி வகை. வெளியில ஊசிமுனை அளவு ஓட்டை போட்டு உள்ளே போய்ப் பலகையையே தின்னுடும். பார்க்கிறதுக்குப் பலகை நல்லா இருக்கும், அழுத்தினா பொருபொருன்னு போகும். இரும்பு ஆணி உப்புல துரு பிடிக்கும். பருத்திப் பாயை ஈரத்தோட சுருட்டி வச்சா பூஞ்சை பிடிச்சு இத்துப்போகும்.

அதனால காற்றுக் காலம் மாறி கடலுக்குப் போக முடியாத மாதங்கள்ல வள்ளத்தைக் கரைக்கு இழுப்பாங்க. அடிப்பக்கத்துல ஒட்டின பாசியையும் சிப்பியையும் சுரண்டுவாங்க. ஓலையைக் கொளுத்தி அடிப்பலகைக்கு இலேசா தீ காட்டுவாங்க, புழு சாகணும், பலகை கருகக் கூடாது. அதுக்குப் பிறகு இடுக்குகள்ல இருக்கிற பழைய அடைப்பைக் கிளறி எடுத்துட்டு, புதுசா பஞ்சோ தும்போ திரிச்சு உளியாலும் கொட்டாப்புளியாலும் இறுக்குவாங்க. அதுக்கு மேல குங்கிலியத்தைப் பொடிச்சு எண்ணெயில காய்ச்சிப் பூசுவாங்க. இந்த வேலைக்குத் தமிழ்ல ஒரு பெயர் இருக்கு: கலப்பத்து. அகராதிகள்ல கலப்பற்று என்று இருக்கும். அரபிக் கடலோடிகளும் கிட்டத்தட்ட இதே சொல்லைத்தான் பாவிக்கிறாங்க. சொல்லும் தொழிலும் ஒரே வள்ளத்துல ஏறி வந்திருக்கு.

இதைச் செய்றவர் ஓடாவி. வீட்டுத் தச்சருக்கும் ஓடாவிக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு. வீட்டுல பலகை நேரா நிக்கணும். வள்ளத்துல பலகை வளையணும், வளைஞ்சும் ஒழுகக் கூடாது. எந்தப் பலகையை மாத்தணும், எதை இன்னும் ரெண்டு வருசம் விடலாம் என்று தட்டிப் பார்த்துச் சத்தத்துல சொல்லணும். இந்த அறிவு ஏட்டுலயும் கொஞ்சம் இருக்கு. 'கப்பல் சாத்திரம்' என்கிற பழைய தமிழ் நூல் 1950இல் சென்னையில அச்சாச்சு. ஆனா பெரும்பகுதி கைப்பழக்கமாத்தான் வந்தது. கையை நிறுத்தினா அறிவும் நின்னுடும்.

கலப்பத்து பார்த்த தோணி எவ்வளவு தூரம் போகும் என்பதுக்கு இலங்கையில ஒரு பெரிய சாட்சி இருக்கு. அது வல்வெட்டித்துறை 'அன்னபூரணி'.

கதையில இன்னொரு ஆள் வில்லியம் அல்பர்ட் ரொபின்சன், அமெரிக்கர். 1928இல், இருபதுகள்ல இருந்தப்போ, 'ஸ்வாப்' என்கிற சுமார் 32 அடி பாய்ப்படகுல நியூயோர்க்கிலிருந்து கிளம்பி 1931இல் உலகத்தைச் சுத்தி முடிச்சார். அந்த நேரத்துல உலகம் சுத்தின மிகச் சின்னப் படகு அது என்று சொல்லுவாங்க. 1934இல் கலபகோஸ் தீவுகள்ல அவருக்குக் குடல்வால் வெடிச்சு, அமெரிக்கக் கடற்படை வந்து உயிரைக் காப்பாத்தினது. ஸ்வாப் அவருக்குத் திரும்பக் கிடைக்கல. அதுக்குப் பிறகு அவர் வாங்கினது எங்கட தீவோட வடகரையில கட்டின ஒரு சரக்குக் கப்பலை. ரெண்டு பாய்மரம், 89 அடி நீளம். வேப்பமரத்துல கட்டினது என்று வல்வெட்டித்துறைக்காரர் பெருமையாச் சொல்லுவாங்க. அதைத் திருத்தி, தன் மனைவி பெயரால 'ஃபுளோரன்ஸ் சி. ரொபின்சன்' என்று பெயர் மாத்தினார்.

அவர் அதை அமெரிக்காவுக்கு எடுத்துப்போகத் தீர்மானிச்சப்போ ஓட்டினது யார்? வல்வெட்டித்துறை மாலுமிகள். தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளை தலைமையில போனாங்க. அரபிக் கடல், செங்கடல், சுயஸ், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர், அத்லாந்திக், பெர்மியூடா. 1938 ஓகஸ்ட் 1 அன்றைக்கு மசாசூசெட்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர் துறைமுகத்துல கப்பல் போய்ச் சேர்ந்தது. மாலுமிகளோட பெயர்கள் அமெரிக்கப் பத்திரிகையில வந்தது. ரொபின்சன் பிறகு மசாசூசெட்ஸ் இப்ஸ்விச்சில சொந்தமா கப்பல் கட்டுமிடம் வச்சார். 1942இல் தனக்காக அவர் கட்டின 'வாருவா'வும் ரெண்டு பாய்மரக் கப்பல்தான்.

இந்தக் கதையை எல்லாரும் "தமிழன் அத்லாந்திக்கைக் கடந்தான்" என்று வீரக்கதையாச் சொல்றாங்க. கடந்தது உண்மைதான், பெருமைப்படலாம். ஆனா எங்களுக்கு அதுல வேற ஒன்று தெரியுது. ஒவ்வொரு துறைமுகத்துலயும் கயிறு மாத்தணும், பாய் தைக்கணும், இடுக்கு பார்க்கணும். அரிசியும் ஓடும் ஏத்தி இறக்கிறதுக்காகக் கட்டின கப்பல் அத்லாந்திக்கைத் தாங்கினது, கட்டின கையும் பார்த்த கையும் விடாம வேலை செஞ்சதால. வீரம் ஒரு நாள் வேலை. பராமரிப்பு தினமும் செய்ற வேலை, அதைப் பற்றி யாரும் பாட்டுக் கட்டுறதில்ல.

இப்ப மாத்தளைக்குத் திரும்பி வாறோம். எங்கட ஆட்களை ஏத்தி வந்த தோணிகளுக்கும் ஓடாவி இருந்தார். முதலாளி வருசா வருசம் செலவழிச்சுக் கலப்பத்து பார்த்தார், ஏன்னா தோணி மூழ்கினா முதல் போயிடும். அந்தத் தோணியில வந்த ஆட்களைப் பற்றி அப்படிக் கணக்குப் பார்த்தது யார்? ஒருத்தர் காட்டுவழியில செத்தா கங்காணி இன்னொருத்தரைக் கூட்டிவந்தார். கரை சேர்ந்தவங்களுக்குக் கட்டிக் குடுத்தது லயம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, ஒரு வாசல், பக்கத்து அறைக்கும் இதுக்கும் ஒரே சுவர்.

பல தோட்டங்கள்ல நூறு வருசம் தாண்டின லயங்கள் இன்றைக்கும் நிக்குது. மழைக்காலத்துல ஒழுகாத லயம் எது என்று கேட்டா சிரிப்பாங்க. இங்கதான் வள்ளத்துக்கும் லயத்துக்கும் உள்ள வித்தியாசம். வள்ளம் வச்சிருக்கிறவர் இடுக்கைப் பார்த்த உடனே அடைப்பார், அவர்கிட்ட யாரும் அனுமதி கேக்கச் சொல்றதில்ல. லயத்துல நாலு தலைமுறையா இருந்தாலும் அந்த அறை குடியிருக்கிறவங்க பெயர்ல இல்ல. தகரம் மாத்தணும், ஒரு அறை இழுத்துக் கட்டணும் என்றா நிர்வாகத்துக்கிட்ட கேக்கணும். திருத்த விருப்பம் இல்லாம இல்ல. எங்க வீடுகள்ல தகரத்து ஓட்டைக்குத் தார் பூசுறது, பொலித்தீன் விரிச்சுக் கல்லு வைக்கிறது, சாக்கைச் சுருட்டிச் சுவர் வெடிப்புல சொருகிறது, இதெல்லாம் என்ன? பெயர் வேறயா இருந்தாலும் கலப்பத்துதான். இல்லாதது கை இல்ல, உரிமை.

1948இல் குடியுரிமையைப் பறிச்சாங்க. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு போட்டது. பாய்த் தோணியில வந்தவங்களோட பேரப்பிள்ளைகளைத் தலைமன்னார்ல 'ராமானுஜம்' கப்பலேத்தி அனுப்பினாங்க. அதே கடல், திரும்புற பக்கம். ஊரை விட்டுப் போறவங்க அழுததைப் பார்த்தவங்க எங்க ஊர்கள்ல இன்னும் உயிரோட இருக்காங்க. பேசக் கிடைச்சா கேளுங்க, தாமதிக்காதீங்க.

கடைசியா ஒரு சந்தோசமான விசயம். எங்க ஆட்கள் கிளம்பின தொண்டிக் கரைப் பக்கம் மீனவக் கிராமங்கள்ல கோயில் திருவிழாவுக்குப் பாய்மரப் படகுப் போட்டி இன்றைக்கும் நடக்குது. எஞ்சின் இல்ல. காற்று சாய்க்கும்போது ஆட்கள் குறுக்குப் பலகையில வெளியே போய்த் தொங்குவாங்க, ஹார்னெல் எழுதின அதே பலகை. கரையில சனம் கத்தும். பரிசை விட, பழைய பாயை எடுத்து வெயில்ல காயப்போட்டு, கயிறு முறுக்கி, வள்ளத்தைத் தயார் பண்ற அந்தச் சில நாள்தான் திருவிழா என்று எங்களுக்குத் தோணுது. பாவிக்காத பாய் இத்துப்போகும். விளையாட்டுக்காவது விரிச்சா அது உயிரோட இருக்கும், அதைத் தைக்கத் தெரிஞ்ச கையும் உயிரோட இருக்கும்.

எங்க ஊர்லயும் மரத்தைப் பராமரிக்கிற பழக்கம் இல்லாம இல்ல. மாத்தளை முத்துமாரியம்மன் கோயில்ல மாசி மகத்துக்கு ஐந்து தேர் ஓடும். அதுக்கு முன்னாடி அச்சையும் சக்கரத்தையும் வடத்தையும் பார்த்துச் சரிபண்ணாம யாரும் தேரை வெளியில எடுக்க மாட்டாங்க. தமிழ்நாட்டுக் கரையோர ஊர்கள்ல மாசி மகம் என்றா சாமி கடலுக்குப் போற நாள். இங்க கடல் இல்ல, தேர் மட்டும் தெருவுல ஆடி ஆடி வரும்.

அடுத்த மாசி மகத்துக்கு முன்னாடி உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட ரெண்டு கேள்வி கேட்டு எழுதி வையுங்க. எந்தக் கரையிலேருந்து கிளம்பினாங்க என்று குடும்பத்துல பேச்சு இருக்கா? லயத்துக் கூரையைக் கடைசியா யார், எப்ப, யார் காசுல மாத்தினாங்க? முதல் கேள்விக்குப் பதில் எத்தனை வீட்டுல மிஞ்சியிருக்கு என்று பார்ப்போம். ரெண்டாவது கேள்விக்கு எல்லா வீட்டுலயும் பதில் இருக்கும். ரெண்டும் சேர்ந்தாத்தான் எங்கட வரலாறு.