ஈயமின்கலத்தின் வரலாறும் அதன் தேய்வும்

மோட்டார் வண்டிகளிற் பூட்டப்பெறும் பற்றரியை மின்சாரம் நிறைத்து வைக்கும் குடமெனவே பலரும் கருதுகின்றனர். மூடிய குடத்து நீர் மொண்டாலன்றிக் குறையாது. ஆதலின், ஓடாது நிறுத்தப்பட்ட வண்டியின் பற்றரி சில வாரங்களில் வலுவிழத்தல் அவர்க்கு வியப்பளிக்கின்றது. உண்மை யாதெனின், பற்றரியிற் சேமிக்கப்படுவது மின்சாரமன்று. இரசாயன மாற்றத்துக்கு ஆயத்தமாய் நிற்கும் பொருள்களே. அவை ஏவலை எதிர்பாராது தாமே மெல்ல மாறும் இயல்பின. அம்மாற்றத்தைத் தணிக்க மனிதர் செய்த முயற்சி ஈயமின்கல வரலாற்றின் பெரும்பகுதியாகும்.

1800ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் வோல்ற்றா தம் மின்னடுக்கை உலகிற்கு அறிவித்தார். ஆயின், அதன் உலோகம் கரைந்தபின் அதனை மீண்டும் பயன்படுத்தல் இயலாதாயிற்று. 1859இற் பிரெஞ்சு அறிஞர் கஸ்தோன் பிளாந்தே இக்குறையை நீக்கினார். இரு ஈயத்தகடுகளை ஒன்றையொன்று தொடாவண்ணம் சுருட்டி, ஐதான கந்தகவமிலத்தில் அமிழ்த்தி, மின்னோட்டத்தைச் செலுத்தினார். அக்கலம் தான் பெற்ற ஆற்றலை மீளத் தந்தது. 1860இல், இத்தகைய ஒன்பது கலங்களை இணைத்து, பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தின் முன் வைத்தார். எனினும், தகடுகளைப் பன்முறை மின்னேற்றியும் இறக்கியும் நெடுநாட் பதப்படுத்த வேண்டியிருந்தது.

1881இற் கமில் ஃபோர் என்பார் ஈயவொட்சைட்டுக் குழம்பைத் தகட்டின்மேற் பூசி அந்நெடுங்காலத்தைச் சுருக்கினார். பூச்சு எளிதில் உதிர்ந்தமையின், அதனைத் தாங்க ஈயச் சட்டங்கள் அமைக்கப்பெற்றன. தனியீயம் மென்மையுடையது, ஆதலின் அவ்வாண்டிலேயே செலன் என்பார் அதனுடன் அந்திமனியைக் கலந்து வலுவூட்டினார். வலுவூட்டிய அவ்வந்திமனியே பின்னர்ப் புதியதொரு தீங்கிற்கும் வித்தாயிற்று.

கலத்தினுள் நிகழ்வதனை 1882இல் விளக்கியோர் கிளாட்ஸ்ரன், ட்றைப் என்னும் இருவர். மின்னிறக்கத்தின்போது நேர்த்தகட்டின் ஈயவீரொட்சைட்டும் எதிர்த்தகட்டின் ஈயமும் ஒருங்கே ஈயசல்பேற்றாக மாறுகின்றன. அமிலம் குன்றி நீர் பெருகுகின்றது. மின்னேற்றத்தின்போது இவையனைத்தும் மறுதலையாய் நிகழ்கின்றன. ஆயின், சுற்று இணைக்கப்படாதபோதும் ஈயம் அமிலத்தோடு மெல்லத் தாக்கம் புரிந்து ஐதரசனை வெளிவிட்டுச் சல்பேற்றாகின்றது. நேர்ச்சட்டத்திலிருந்து நீங்கும் அந்திமனி எதிர்த்தகட்டிற் படிந்து இத்தாக்கத்தை விரைவுபடுத்துகின்றது. வெப்பம் ஏறத்தாழ 10 பாகை சதமளவை உயருந்தோறும் இவ்விழப்பு இருமடங்காகின்றது. ஆதலின் வெப்ப நாடுகளில் இது கடுமையாக உணரப்படும்.

தொடக்கத்தில் மின்னிலையங்களிலும் தந்தி நிலையங்களிலும் பயிற்சி பெற்ற பணியாளரே இக்கலங்களைப் பேணினர். 1912இற் கடிலாக் வண்டியிற் சாள்சு கெற்றறிங் அமைத்த மின்தொடக்கி இந்நிலையை மாற்றிற்று. கையாற் சுழற்றி இயந்திரத்தை இயக்கும் இடர் நீங்கிற்று. ஆயின் பற்றரியைப் பேணும் பொறுப்பு அதன் இயல்பறியாத வண்டிக்காரர் கைக்கு வந்தது. மின்னிறங்கிய நிலையில் விடப்பட்ட கலத்தில் நுண்ணிய சல்பேற்றுப் பளிங்குகள் நாளடைவிற் பருத்து இறுகுகின்றன. இறுகியவை மின்னேற்றத்தாலும் எளிதிற் கரையா. ஒரு திங்கட் புறக்கணிப்புப் பல்லாண்டுப் பயனை அழிப்பது இதனாலேயாம்.

1935இல், அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஹேறிங், தோமஸ் ஆகியோர் அந்திமனிக்கு மாற்றாகக் கல்சியத்தை ஈயத்துடன் கலந்தனர். தன்னியல்பான மின்னிழப்பும் நீரிழப்பும் பெரிதும் குறைந்தன. 1970களில், நீர் ஊற்ற வேண்டாத பற்றரிகள் இவ்வழியிலே மோட்டார் வண்டிகளுக்கும் வந்தன. ஆயின் உள்ளிழப்புக் குறைந்த காலத்தில் வெளியிழப்புப் பெருகிற்று. மணிக்கூடும், திருட்டெச்சரிக்கைக் கருவியும், கணினியும் நிறுத்திய வண்டியிலும் ஓயாது மின்னை உண்கின்றன. இவை 50 மில்லியம்பியர் கொள்ளின், நாளொன்றுக்கு 1.2 அம்பியர்மணி செலவாகும். 48 அம்பியர்மணிப் பற்றரி நாற்பது நாளில் வறிதாகும்.

பேணும் முறைகள் யாவும் இவ்வரலாற்றிலிருந்தே பெறப்படும். பற்றரியை நிறைவாக மின்னேற்றியே ஓய்வில் வைத்தல் வேண்டும். நெடுநாள் நிறுத்தும் வண்டியில் எதிர்முனையைக் கழற்றிவிடுதல் நன்று. ஓய்வுநிலையில் 12 வோல்ற்றுப் பற்றரி ஏறத்தாழ 12.6 வோல்ற்றுக் காட்டின் நிறைவுற்றதாகும், 12.4இற்குக் கீழ் இறங்குமுன் மீள ஏற்றுதல் வேண்டும். குறுந்தொலைவு ஓட்டம் இயந்திரத்தைத் தொடக்கச் செலவான மின்னைக்கூட ஈடுசெய்யாது போகலாம். நீர் ஊற்றும் வகையாயின் காய்ச்சி வடித்த நீரையே ஊற்றுக. பிறநீரிலுள்ள இரும்பு முதலியன மின்னிழப்பை விரைவுபடுத்தும். குறைவது நீரேயாதலின் அமிலம் சேர்த்தல் தவறு. மேற்புறத்திற் படியும் ஈரமும் அழுக்கும் இரு முனைகளுக்கிடையே மின்னைக் கசியவிடுமாதலின் அவற்றைத் துடைத்தல் வேண்டும். மின்னேற்றுகையில் ஐதரசன் எழுமாதலின் தீயை அணுகவிடலாகாது.

உழைப்பினாற் தேயும் கருவிகள் பல. ஓய்வினாலும் தேய்வது இது. அதனை இடையிடையே நோக்கி மின்னேற்றுவோர்க்கே அது நெடுநாட் பயன் தரும்.