ஆயில் லைட் எரியுற வரைக்கும் காத்திருக்காதீங்க... டிப்ஸ்டிக்கை எடுங்க!

வாரம் ஒருமுறை காரைக் கழுவுகிறோம். டயருக்குக் காற்று பிடிக்கிறோம். ஆனால், பானெட்டைத் திறந்து இன்ஜின் ஆயில் பார்ப்பவர்கள் ரொம்பக் கம்மி. 'அதான் டேஷ்போர்டுல லைட் இருக்கே, குறைஞ்சா எரியுமே' என்பதுதான் பலரின் பதில். சிக்கலே அங்கேதான்!

பெரும்பாலான கார்களில் அந்தச் சிவப்பு லைட், ஆயிலின் அளவைக் காட்டுவதில்லை, பிரஷரைத்தான் காட்டுகிறது. ஆயில் ரொம்பவே குறைந்து, பம்ப் காற்றையும் சேர்த்து இழுக்கத் தொடங்கிய பிறகுதான் பிரஷர் விழும். அதற்குள் பேரிங், கேம்ஷாஃப்ட், டர்போ எல்லாம் உயவில்லாமல் உரச ஆரம்பித்துவிடும். ஓட்டும்போது இந்த லைட் எரிந்தால், 'அடுத்த பங்க் வரட்டும்' என்று போகாதீர்கள். ஓரங்கட்டி, உடனே இன்ஜினை ஆஃப் செய்யுங்கள். இல்லையென்றால் இன்ஜின் சீஸ் ஆகிவிடலாம். அந்தச் செலவுக்கு முன்னால், ஒரு லிட்டர் ஆயில் விலையெல்லாம் ஒன்றுமே இல்லை.

எப்படி செக் பண்றது?

1. காரைச் சமதளத்தில் நிறுத்துங்கள். சரிவில் நின்றால் அளவு தப்பாகக் காட்டும்.

2. இன்ஜினை ஆஃப் செய்து, 5 முதல் 10 நிமிடம் விடுங்கள். மேலே ஏறிய ஆயில் கீழே இறங்க வேண்டும்.

3. டிப்ஸ்டிக்கை உருவி, நூல் பிரியாத துணியால் துடைத்து, முழுதாக உள்ளே விட்டு மறுபடி எடுங்கள். இரண்டாவது முறை தெரிவதுதான் சரியான அளவு.

4. குறைந்தபட்சம், அதிகபட்சம் என இரண்டு கோடுகளோ, துளைகளோ இருக்கும். ஆயில் இரண்டுக்கும் நடுவில் இருந்தால் ஓகே.

குறைஞ்சிருந்தா?

யூஸர் மேனுவலில் சொல்லியிருக்கும் கிரேடை மட்டும் ஊற்றுங்கள். 0W-20 கேட்கும் இன்ஜினுக்கு, கையில் கிடைத்ததை எல்லாம் ஊற்றக் கூடாது. கொஞ்சமாக ஊற்றி, சில நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். மேல்கோட்டைத் தாண்டினாலும் ஆபத்துதான். கிராங்க்ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரைத்த ஆயிலால் சரியாக உயவு தர முடியாது.

டிப்ஸ்டிக் சொல்லும் சேதி

கறுப்பாக இருந்தால் பதற வேண்டாம். டீசல் இன்ஜினில் ஆயில் சீக்கிரமே கறுத்துவிடும். ஆனால், பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால், கூலன்ட்டோ தண்ணீரோ கலந்திருக்க வாய்ப்பு அதிகம். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். மழை வெள்ளத்தில் நின்ற காருக்கும் இதேதான்!

ஊற்றாமலேயே ஆயில் அளவு ஏறுகிறதா? பிஎஸ்-6 டீசல் காரைச் சிட்டிக்குள்ளேயே குட்டிக் குட்டி தூரம் ஓட்டுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். புகைக்கரி ஃபில்ட்டரைச் சுத்தம் செய்யக் கூடுதலாகச் செலுத்தப்படும் டீசல், ஆயிலில் கலந்திருக்கலாம். உடனே சர்வீஸ் சென்டருக்குப் போவது நல்லது. அடிக்கடி ஆயில் குறைந்து, சைலன்ஸரில் நீலப் புகை வந்தால், இன்ஜின் ஆயிலைக் குடிக்கிறது என்று அர்த்தம்.

சில புது கார்களில் டிப்ஸ்டிக்கே கிடையாது. ஸ்க்ரீன் மெனுவில்தான் ஆயில் அளவைப் பார்க்க வேண்டும். எதுவாக இருந்தாலும் மாதம் ஒருமுறை, லாங் டிரைவுக்கு முன்பு ஒருமுறை செக் பண்ணிடுங்க. இந்த ஞாயிற்றுக்கிழமை காரைக் கழுவும்போதே ஆரம்பிக்கலாமே!