பேட்டர்நாஸ்டர் ரோ: லண்டன் இழந்த புத்தகத் தெரு

1930களில் வந்த லாங்மன்ஸ் பாடப்புத்தகம் ஏதாவது பழைய பள்ளி அலமாரியில் அகப்பட்டால் முதல் தாளை மெதுவாகத் திறந்து பாருங்கள். பதிப்பகத்தின் பெயருக்குக் கீழே முகவரிகள் வரிசையாக அச்சாகியிருக்கும். தலைமையகம், லண்டன் 39 பேட்டர்நாஸ்டர் ரோ. கிளைகள் கல்கத்தா, பம்பாய், சென்னை மவுண்ட் ரோடு. மவுண்ட் ரோடு பெயர் மாறி அண்ணா சாலையாக இன்றும் இருக்கிறது. அந்த 39ஆம் எண் கட்டடம் 1940ஆம் ஆண்டு டிசம்பர் 29 ஞாயிறு இரவில் எரிந்துபோனது. அது நின்றிருந்த தெருவும் ஏறக்குறைய முழுதாக அன்றே எரிந்தது. புத்தகத் தொழிலைச் சேர்ந்தவர்கள் கூடி வெளியிடும் இந்த மலரில் அந்தத் தெருவைப் பற்றி எழுதுவது பொருத்தம் என்று நினைத்தேன்.

தூய பவுல் பேராலயத்துக்கு வடக்கே, அதன் வளாகத்தை ஒட்டி ஓடிய ஒடுக்கமான தெரு அது. மேற்கே ஏவ் மரியா லேன், கிழக்கே சீப்சைடு. பேட்டர்நாஸ்டர் என்பது ‘எங்கள் பிதாவே’ என்று தொடங்கும் ஜெபத்தின் லத்தீன் பெயர். குருமார் அந்த ஜெபத்தைச் சொல்லிக்கொண்டு ஊர்வலம் போன வழி என்பார்கள் சிலர். ஜெபமாலை செய்து விற்றவர்கள் அங்கே இருந்தார்கள் என்பார்கள் வேறு சிலர். எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. நம் ஊரிலும் கோயிலைச் சுற்றிய தெருக்களுக்கு அங்கே நடந்த தொழிலால் பெயர் நின்றிருக்கிறது. பக்கத்துச் சந்து ஒன்றின் பெயர் ஆமென் கார்னர்.

புத்தகம் அங்கே பிறகு வந்ததுதான். பதினேழாம் நூற்றாண்டில் அது பட்டு, சரிகை, துணி விற்கிற தெரு. நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்ற சாமுவேல் பீப்ஸ் அங்கே போய் உடைக்குத் துணி எடுத்திருக்கிறார். புத்தகக் கடைகள் அப்போது பேராலய வளாகத்தில் இருந்தன. 1666இல் லண்டன் மாநகரம் தீப்பிடித்தபோது, கடைக்காரர்கள் தங்கள் சரக்கை எல்லாம் பேராலயத்துக்கு அடியில் இருந்த செயின்ட் ஃபெய்த் நிலவறையில் கொண்டுபோய் அடைத்தார்கள். கல் மண்டபம், அதற்குமேல் ஆண்டவன் சந்நிதி, இதைவிடப் பத்திரமான இடம் ஏது என்று நம்பினார்கள். மேலே கூரை சரிந்தது, தீ உள்ளே இறங்கியது. ஒரு வாரம் அந்தப் புத்தகங்கள் எரிந்ததாக அக்காலத்து இன்னொரு நாட்குறிப்பாளர் ஜான் ஈவ்லின் எழுதி வைத்திருக்கிறார். பீப்ஸுக்கு வாடிக்கையாகப் புத்தகம் கொடுத்துவந்த ஜோஷுவா கர்ட்டன் நல்ல சொத்துக்காரர். அந்தத் தீயில் கடனாளி ஆனவர், மறு ஆண்டே இறந்துபோனார்.

தீக்குப் பிறகு துணி வியாபாரிகள் மேற்கே நகர்ந்தார்கள். காலியான இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புத்தகக்காரர்கள் வந்தார்கள். பக்கத்திலேயே ஸ்டேஷனர்ஸ் ஹால் இருந்தது ஒரு வசதி. நூலின் உரிமையைப் பதிவு செய்யும் பேரேடு அங்கேதான் இருந்தது. கையெழுத்துப் பிரதியை வாங்கி, நாலு எட்டு நடந்து பதிவு செய்துவிட்டு, மறுபடி கடைக்கு வந்து உட்கார்ந்துவிடலாம்.

1719இல் வில்லியம் டெய்லர் என்பவர் ‘கப்பல்’ சின்னம் போட்ட கடையிலிருந்து ‘ராபின்சன் குரூசோ’வை வெளியிட்டார். அவர் காலமான பிறகு, 1724இல் தாமஸ் லாங்மன் என்ற இளைஞர் அந்தக் கடையைச் சரக்கோடு விலைக்கு வாங்கினார். அன்று தொடங்கி 216 ஆண்டுகள் அந்த நிறுவனம் தெருவை விட்டு நகரவில்லை. 1861இல் கட்டடம் ஒருமுறை எரிந்தபோதும் அதே இடத்தில்தான் கட்டிக்கொண்டார்கள். ஜான்சனின் ஆங்கில அகராதிக்கு முதல் போட்ட புத்தக வியாபாரிகளில் லாங்மன் ஒருவர். ரோஜேயின் சொற்களஞ்சியம் 1852இல் அங்கிருந்துதான் வந்தது. மருத்துவ மாணவர்கள் இன்றும் சுமக்கிற ‘கிரேஸ் அனாடமி’யும் 1863இல் அவர்கள் கைக்கு வந்தது. மெக்காலேயின் இங்கிலாந்து வரலாற்றுக்கு 1856இல் ஒரே காசோலையாக 20,000 பவுன் கொடுத்தார்கள்.

கணக்கு தப்பிய கதையும் உண்டு. பிரிஸ்டல் நகரத்துப் பதிப்பாளர் ஜோசப் காட்டில் தன் நூல்களின் உரிமைகளை மொத்தமாக லாங்மனுக்கு விற்றபோது, ஒவ்வொன்றுக்கும் மதிப்புப் போட்டார்கள். வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் சேர்ந்து எழுதிய ‘லிரிகல் பேலட்ஸ்’ நூலுக்கு எதிரே போட்ட மதிப்பு பூஜ்யம். அப்படியானால் அதை எனக்கே கொடுத்துவிடுங்கள் என்று கேட்டு வாங்கிய காட்டில், உரிமையை வேர்ட்ஸ்வொர்த்துக்கே கொடுத்துவிட்டார். ஆங்கிலக் கவிதையின் போக்கையே திருப்பிய நூல் அது.

போருக்கு முன் அந்தத் தெருவில் நடந்து போனால், 35, 36 எண்களில் எடின்பரோவிலிருந்து வந்த தாமஸ் நெல்சன், 37இல் பிளாக்வுட், 39இல் லாங்மன். ஹட்சின்சன் அலுவலகமும் அங்கேதான். தெருமுனை தாண்டினால் வார்விக் லேனில் விட்டேக்கர் குடும்பம்; 1858 முதல் புத்தகத் தொழிலுக்கென்றே ‘தி புக்செல்லர்’ என்ற ஏட்டை நடத்திவந்தவர்கள்.

இந்தத் தெரு எப்படி வேலை செய்தது என்பதுதான் என்னை அதிகம் ஈர்த்த விஷயம். பதிப்பகம் ஒவ்வொன்றிலும் தரைத்தளத்தில் வியாபாரிகளுக்கென்று ஒரு கவுண்டர் இருக்கும். நகரத்துக் கடைகளிலிருந்து பையன்கள் தோளில் கோணிப்பையும் கையில் துண்டுச்சீட்டுமாக வருவார்கள். இந்தக் கவுண்டரில் இரண்டு பிரதி, அந்தக் கவுண்டரில் ஒரு பிரதி என்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டே தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தால் அன்றைய கொள்முதல் முடிந்துவிடும். பன்னிரண்டு பிரதிக்கு விலை கொடுத்தால் பதின்மூன்றாவது பிரதி கூட வரும். நம் கழிவுக் கணக்குக்கு அண்ணன் மாதிரி ஒரு வழக்கம். விக்டோரியா காலத்தில் மாதக் கடைசி நாளுக்கு ‘மேகசின் டே’ என்றே பெயர். வரும் மாதத்து இதழ்கள் எல்லாம் அன்று ஒரே நாளில் வெளியாகும். தெருவில் வண்டியும் மூட்டையும் ஆளுமாக நகர முடியாது. அன்று ராத்திரிக்குள் ஊர் ஊருக்குப் பார்சல் போயாக வேண்டும்.

வெளியூர்க் கடைக்காரருக்கு இந்த அலைச்சல் இல்லாமல் செய்தது சிம்ப்கின் மார்ஷல். தெருவின் மேற்கு முனையை ஒட்டி இருந்த மொத்த வியாபாரிகள். இந்தப் பதிப்பகம் அந்தப் பதிப்பகம் என்று பாராமல் எல்லாருடைய நூலையும் கையிருப்பில் வைத்திருப்பார்கள். யார்க்ஷயரில் ஒரு சின்னக் கடைக்காரர் ஆறு பதிப்பகங்களின் ஆறு நூல்களை ஒரே கடிதத்தில் கேட்கலாம். ஒரே பார்சலில், ஒரே பில்லில் வந்து சேரும். ஆண்டுக்கு நாலு பிரதி மட்டுமே போகிற நூலும் அங்கே ஒரு தட்டில் காத்திருக்கும். தமிழ்ப் பதிப்பாளர்கள் இத்தனை காலமாக ஏங்குகிற ஏற்பாடு இதுதான் அல்லவா?

உட்கார்ந்து பேச சாப்டர் காபி ஹவுஸ் இருந்தது. உரிமைகளைப் பங்கு போட்டு வாங்கவும் விற்கவும் பதிப்பாளர்கள் அங்கே கூடுவார்கள். 1848 ஜூலையில், ஆண் பெயர்களில் எழுதிக்கொண்டிருந்த சார்லட் பிராண்ட்டியும் தங்கை ஆனும் தாங்கள் இருவேறு ஆட்கள் என்று பதிப்பாளருக்கு நேரில் நிரூபிக்க லண்டன் வந்தபோது அங்கேதான் தங்கினார்கள். தந்தையார் முன்பு தங்கிய இடம் என்பதால் அவர்களுக்குத் தெரிந்த ஒரே விடுதி அது.

இனி அந்த இரவு. கிறிஸ்துமஸ் முடிந்த ஞாயிற்றுக்கிழமை. அலுவலகங்கள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. மாலை ஆறு மணிக்குப் பிறகு ஜெர்மன் விமானங்கள் வந்தன. அவை கொட்டியவற்றில் பெரும்பாலானவை தீக்குண்டுகள். ஒவ்வொன்றும் ஒரு கிலோ எடைதான் இருக்கும். விழுந்த முதல் சில நிமிடங்களில் ஒரு வாளி மணலோடு ஆள் நின்றால் அணைத்துவிடலாம். ஆனால் ஆள் இல்லை. கூரையைத் துளைத்து மாடியில் விழுந்து, அடுக்கி வைத்த காகிதத்தில் பற்றியது. தீயணைப்பு வீரர்கள் பூட்டை உடைத்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டியிருந்தது. குழாய்கள் குண்டில் உடைந்தன. தேம்ஸ் நதியில் அன்று தண்ணீர் மிகவும் வற்றி இருந்ததால் ஆற்றிலிருந்தும் இறைக்க முடியவில்லை. அருகில் பேராலயத்தை மட்டும், கூரை மேல் இரவெல்லாம் காவல் நின்ற தொண்டர்கள் காப்பாற்றினார்கள். புகைக்கு நடுவே அதன் குவிமாடம் நிமிர்ந்து நிற்கும் படம், ஹெர்பர்ட் மேசன் எடுத்தது, உலகம் முழுக்கப் போனது. அந்தப் படத்தில் எழும் புகையில் நம் தொழிலின் புகையும் இருக்கிறது என்பதை நான் எப்போதும் நினைத்துக்கொள்வேன். அந்த இரவில் 160 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள்.

லாங்மன், நெல்சன், ஹட்சின்சன், பிளாக்வுட், விட்டேக்கர், சிம்ப்கின் மார்ஷல் எல்லாம் ஒரே இரவில் போயின. எரிந்த புத்தகங்கள் ஐம்பது லட்சத்துக்குக் குறையாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அவற்றில் பைண்டிங் ஆகாமல் பாரங்களாகவே அடுக்கியிருந்தவையும் சேரும். மறுபடி அச்சடிக்கலாமே என்றால், 1940 முதல் காகிதத்துக்குப் பங்கீடு. போருக்கு முன் வாங்கிய அளவில் ஒரு பங்குதான் பதிப்பகத்துக்குக் கிடைக்கும். கையில் இருக்கிற கொஞ்சக் காகிதத்தில் யாரும் ஆண்டுக்கு நாலு பிரதி விற்கிற நூலை அடிக்க மாட்டார்கள். விற்பனை வேகம் குறைந்த நல்ல நூல்கள் அப்படியே பட்டியலை விட்டு மறைந்தன. நாட்டின் பெரும் எழுத்தாளர்களின் நூல்கள் எப்படியும் மீண்டும் வந்துவிடும். உள்ளூர் வரலாறு, இலக்கணம், தாவர நூல், ஒரு பாதிரியாரின் வாழ்நாள் ஆய்வு ஆகியவற்றுக்கு அந்தக் கிடங்கின் தட்டுதான் கடைசிப் புகலிடம். என் பார்வையில் அன்றைய பேரிழப்பு அதுவே.

1941 ஜனவரியில் அலுவலகங்களுக்குத் தீக்காவல் கட்டாயம் என்று அரசு ஆணை போட்டது. பதிப்பாளர்கள் கூட்டாகச் சேர்ந்து சிம்ப்கின் மார்ஷலை மீண்டும் நடத்திப் பார்த்தார்கள். பழைய கையிருப்பு திரும்பவில்லை. 1951இல் பதிப்பாளர் ராபர்ட் மேக்ஸ்வெல் வாங்கினார், 1955இல் அது மூடப்பட்டது. லாங்மன்ஸ் போருக்குப் பின் கிளிஃபோர்ட் தெருவுக்குப் போனது. அதன் இந்தியக் கிளைகள் 1948இல் ஓரியண்ட் லாங்மன்ஸ் ஆயின.

தெரு இருந்த இடத்தில் ஆண்டுக்கணக்கில் ஊதாப் பூப் பூக்கும் காட்டுச்செடி மண்டிக் கிடந்தது. 1960களில் அலுவலகக் கட்டடங்கள் எழுந்தன. அவற்றையும் இடித்து 2003இல் புதுச் சதுக்கம் கட்டினார்கள். லண்டன் பங்குச்சந்தை 2004இல் அங்கே குடிவந்தது. பேட்டர்நாஸ்டர் ரோ என்ற பெயர்ப்பலகை ஒரு சிறு துண்டில் மட்டும் இருக்கிறது.

பழைய புத்தகக் கடைகள் நிறைந்த சென்னை மூர் மார்க்கெட் 1985இல் எரிந்ததைப் பார்த்தவர்கள் நம்மில் இருக்கிறோம். ஆகவே பதிப்பாள நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதியைக் கிடங்கு இருக்கும் கட்டடத்தில் வைக்காதீர்கள். வேறு இடத்தில், முடிந்தால் வேறு ஊரில் வையுங்கள். கன்னிமாரா நூலகத்துக்குச் சட்டப்படி அனுப்ப வேண்டிய பிரதியை இந்த ஆண்டே தவறாமல் அனுப்புங்கள். பழைய விலைப்பட்டியல்களை எடைக்குப் போடாமல் ஆய்வு நூலகம் ஒன்றில் சேர்த்துவிடுங்கள்.