ரணஜன்னித் தடுப்பூசியும் பேறுகாலச் செவிலியரும்: தமிழ்நாட்டை முன்னிட்டு ஒரு வரலாற்றாய்வு

பிறந்து இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்த சிசு, மூன்றாம் நாளிலோ நான்காம் நாளிலோ வாய் திறக்க மாட்டாமல் பாலை மறுத்து, தாடை இறுகி, தொட்டாலும் விளக்கு வெளிச்சம் பட்டாலும் உடல் விறைத்து வளைந்து, சில தினங்களுக்குள் மாண்டுபோவதை நம் கிராமங்கள் நெடுங்காலம் கண்டிருந்தன; அதைத் தோஷமென்று கொண்ட குடும்பங்கள் மந்திரிப்பவரைத் தேடிச் சென்றதில் ஆச்சரியம் ஏதுமில்லை. மண்ணிலும் சாணத்திலும் நெடுநாள் அழியாமல் கிடக்கும் ஒரு கிருமி, தொப்புள்கொடியை அறுத்த கருவி வழியாகவோ, அறுத்த இடத்தில் வைத்த பொருள் வழியாகவோ உட்புகுந்து விஷம் சுரப்பதே ரணஜன்னி (டெட்டனஸ்) என்னும் இந்நோய்க்குக் காரணம் என்பது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் தெளிவாயிற்று. 1889-இல் கிட்டசாட்டோ என்னும் ஜப்பானிய அறிஞர் பெர்லினில் அக்கிருமியைத் தனித்து வளர்த்துக் காட்டினார். 1920-களில் பிரான்சு தேசத்து ரமோன் முதலியோர் அதன் விஷத்தை ஃபார்மலினால் தீங்கற்றதாக்கித் தடுப்பு மருந்தாக மாற்றினர். அம்மருந்து, ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, நம்மூர்க் கர்ப்பிணியின் புஜத்தை எவ்வாறு வந்தடைந்தது, யார் கைகளால் வந்தடைந்தது என்பதே இங்கு ஆராயப் புகும் விஷயம்.

அக்கைகளின் வரலாறு ஒரு குற்றச்சாட்டிலிருந்து தொடங்குகிறது. 1844-ஆம் ஆண்டில் சென்னையில் பிரசவ ஆஸ்பத்திரி நிறுவப்பட்ட காலந்தொட்டு, பட்டம் பெற்ற வைத்தியர்களும் சர்க்கார் அறிக்கைகளும் நாட்டு மருத்துவச்சியைத்தான் சிசு மரணத்தின் மூல காரணமாகக் கண்டனர். அரிவாளாலும் மூங்கிற் சிம்பாலும் கொடியறுத்தாள், சாம்பலும் சாணமும் வைத்தாள் என்பன அவள்மீது சுமத்தப்பட்ட குற்றங்கள். அவற்றுள் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் 1927-இல் மிஸ் மேயோ வெளியிட்ட நூலில் அவள் சித்திரிக்கப்பட்ட விதத்தைப் பார்க்கும்போது, வறுமைக்கும் தீண்டாமைக்கும் உரிய பழியையும் சேர்த்தே அந்த ஒருத்தியின் தலையில் ஏற்றினார்களோ என்று எண்ணத் தோன்றுகிறது. அவளைப் பயிற்றுவிக்கும் நோக்கத்துடன் 1903-இல் கர்ஸன் சீமாட்டியார் ஏற்படுத்திய விக்டோரியா ஞாபகார்த்த நிதியும், பயின்ற மருத்துவச்சியரைப் பதிவு செய்வதற்காக 1926-இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட சட்டமும் நல்ல முயற்சிகளே எனினும், கிராமத்தை அவை எட்டியது சொற்பம். 1946-இல் வெளிவந்த போர் (Bhore) கமிட்டியின் அறிக்கை, தேசம் முழுமைக்கும் இருந்த பயிற்சி பெற்ற மருத்துவச்சியர் ஏறக்குறைய 5,000 பேரே என்று கணக்கிட்டது. சுத்தத்தைப் போதித்தே இந்நோயை ஒழித்துவிடலாம் என்ற கொள்கை, போதிக்க ஆளில்லாமலே நின்றுபோயிற்று எனலாம்.

வழியைத் திறந்தவை தூர தேசங்களில் நடந்த இரண்டு ஆராய்ச்சிகள். நியூ கினியின் மாப்ரிக் பகுதியில் ஸ்கோஃபீல்டும் அவருடைய சகாக்களும் கர்ப்பிணிகளுக்கு ஊசி போட்டுக் கண்ட பலனை 1961-இல் வெளியிட்டனர். கொலம்பியாவில் நியூவெல் குழுவினர் நிகழ்த்திய பரிசோதனை 1966-இல் அச்சேறிற்று. ஒற்றை ஊசி போதிய காப்பைத் தரவில்லை என்பதும், இரண்டோ மூன்றோ பெற்ற தாய்மாரின் சிசுக்கள் இந்நோயினின்று தப்பின என்பதும் அவற்றால் நிலைபெற்றன. தாயின் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருள் நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவைச் சேர்கிறது. ஆகவே கொடியறுக்கும் கருவி எத்தகையதாயினும் குழந்தைக்கு ஒரு கவசம் முன்னரே அமைந்துவிடுகிறது. வீட்டுப் பிரசவமே பெருவழக்காயிருந்த ஒரு நாட்டுக்கு இதைவிட உகந்த உபாயம் வேறு இருந்திருக்க முடியாது.

ஆனால் இரண்டு ஊசிகளுக்கிடையே நான்கு வார இடைவெளி வேண்டும். இரண்டாவது ஊசி பிரசவத்துக்கு இரண்டு வாரமேனும் முந்தியிருக்க வேண்டும். சொல்வதற்கு எளிதான இந்த நியமத்தில்தான் செவிலியின் உழைப்பெல்லாம் அடங்கிக் கிடக்கிறது. 1951-இல் பஞ்சாபின் தரண் தாரணில் தொடங்கிய துணைச் செவிலி-மருத்துவச்சிப் பயிற்சியின் வழிவந்தவரும், தமிழ்நாட்டில் கிராம சுகாதாரச் செவிலியர் என்று பெயர் பெற்றவருமான அவர், சுமார் 5,000 ஜனங்களுக்கு ஒருவராகத் துணைச் சுகாதார நிலையத்தில் அமர்த்தப்பட்டார். மூன்று மாதம் நிரம்புமுன் கர்ப்பத்தை வெளியில் சொல்லத் தயங்கும் வீடுகளில் யார் முழுகாமல் இருக்கிறாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அங்கேதான், எந்த மருத்துவச்சியை அறிக்கைகள் பழித்தனவோ, அவளே தேவைப்பட்டாள். ஊர்ப் பெண்களின் நாள் கணக்கெல்லாம் அவளுக்கு மனப்பாடம். 1970-களின் பிற்பகுதியில் சர்க்கார் அவளுக்கு ஒரு மாதப் பயிற்சியும் பிரசவப் பெட்டியும் தந்து, பதிவு செய்யும் ஒவ்வொரு பிரசவத்துக்கும் சிறு தொகை அளித்தது, அவளுடைய அறிவுக்குச் செலுத்திய காலம் கடந்த மரியாதையென்றே கொள்ளத்தக்கது.

முதற் பிரசவத்துக்குத் தாய்வீடு செல்லும் நம் சம்பிரதாயம் இன்னொரு சிக்கலை உண்டாக்கிற்று. புகுந்த ஊரில் முதல் ஊசி போட்டுக்கொண்ட பெண், வளைகாப்பு முடிந்து பிறந்தகம் போனால், தவறிப்போன இரண்டாம் ஊசியைக் கவனிக்க வேண்டியவர் வேறொரு செவிலி. தடுப்பூசி அட்டையைப் புடவைகளோடு மறக்காமல் எடுத்துச் செல்லும்படி மாமியாரிடம் ஒருமுறையும் மருமகளிடம் ஒருமுறையும் சொல்லி அனுப்புவது, எந்தக் கையேட்டின் முதற்பக்கத்திலும் இடம்பெறாத ஒரு தொழில் நுட்பம். மருந்தைக் காப்பதிலும் இத்தகைய நுணுக்கம் உண்டு: டி.டி. (TT) எனப்படும் இந்த ரணஜன்னி மருந்து உறைந்துபோனால் வீரியம் கெடும். ஆதலால் பனிக்கட்டியை ஒட்டி வைத்த குப்பியைச் சந்தேகித்தவர், அதைக் குலுக்கி வைத்து, கலங்கல் சீராக நிற்கிறதா, திப்பிதிப்பியாக விரைந்து அடியில் படிகிறதா என்று பார்த்த பின்னரே 0.5 மில்லிலிட்டரைச் சிரிஞ்சில் ஏற்றுவார்.

இவ்வளவுக்கும் மேலாக ஒரு சந்தேகம் நின்றது. நெருக்கடி நிலைக் காலத்தில் கருத்தடை அறுவைக்கு இலக்கு வைத்து ஆள் சேர்க்க அனுப்பப்பட்டவரும், இப்போது ஊசியோடு வந்து நிற்பவரும் ஒரே பெண்மணி. இந்த ஊசி பிள்ளை பிறக்காமல் செய்துவிடும் என்ற வதந்தி கென்யா, காமரூன் போன்ற நாடுகளில் பெரும் விவகாரமாகவே மூண்டதை நினைத்தால், இங்கு அது அவ்வளவு தூரம் பரவாமற் போனதற்குக் காரணம் தேட வேண்டியிருக்கிறது. அவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார், பிரசவ வலியென்றால் நடுநிசியிலும் வந்தார். ஊசி அந்த உறவுக்குள் ஒரு பகுதியாக வந்ததாலேயே ஏற்கப்பட்டது என்பது என் துணிபு. பிரசாரச் சுவரொட்டிகளுக்கு இதில் அதிகப் பங்கிருந்ததாக நான் கருதவில்லை. 1987-இல் தொடங்கிய பேறுகால நிதியுதவித் திட்டமும் பெண்களைப் பதிவுக்கு இழுத்துத் துணைசெய்தது.

1985-இல் தேசமளாவிய தடுப்பூசித் திட்டம் விரிவடைந்தது. உலகில் 1988-ஆம் ஆண்டில் மட்டும் 7,87,000 சிசுக்கள் இந்நோயால் இறந்தனர் என்று மதிப்பிட்ட உலக சுகாதார நிறுவனம், ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆயிரம் பிறப்புக்கு ஒன்றுக்குக் குறைவாக நோயைக் கொணர்வதை இலக்காக்கிற்று. 2003-இல் ஆந்திரம் அதை முதலில் எய்தியது. 2015 ஏப்ரலில் நாகாலாந்து கடைசியாக எய்தியதும், இந்தியா முழுமையும் அந்நிலை அடைந்ததாக உறுதி செய்யப்பட்டது. ஆஸ்பத்திரிப் பிரசவம் பெருகியதும் இதற்கொரு காரணமாதலால், வெற்றி முழுவதையும் ஊசிக்கே சூட்டுவது மிகையாகும்.

பின்னர் அந்த டி.டி.யின் (TT) இடத்தில் தொண்டை அடைப்பான் தடுப்பும் சேர்ந்த டி.டி. (Td) மருந்து, ‘டெட்டனஸ்-டிப்தீரியா’ என்ற முழுப்பெயரோடு, சந்தடியின்றி வந்தமர்ந்தது. 2021 ஜூலையில் கர்ப்பிணிகளுக்குக் கொரோனா தடுப்பூசி அனுமதிக்கப்பட்டபோதோ நிலைமை வேறாயிருந்தது. ரணஜன்னி ஊசிக்குக் கையை நீட்டிய குடும்பங்களே புதிய ஊசிக்குத் தயங்கின. பல்லாண்டுகளில் மெல்ல வளர்ந்த இசைவைச் சில வாரங்களில் பெற்றுத் தரும்படி செவிலியர் பணிக்கப்பட்டனர். ஆனால் இம்முறை அவர்களிடம் முன்னோடிகளுக்கு வாய்க்காத ஒரு சான்று இருந்தது: அவ்வாண்டு ஜனவரியிலேயே சுகாதாரப் பணியாளர்களுக்கு முதலில் ஊசி போடத் தொடங்கியிருந்ததால், திண்ணையில் உட்கார்ந்து மாமியாரிடம் பேசும் செவிலி தம் கையையே காட்டிப் பேச முடிந்தது.