தொடும் கை

ஊசி ஏறிய விரலுக்கு விதியைக் காட்டுவர். தீப்பற்றிய கிடங்குக்கு வாஸ்துவைக் காட்டுவர். மின்சாரம் தாக்கி வீழ்ந்தவனுக்கு ஏழரைச் சனியைக் காட்டுவர். காட்டுவதற்கு அவர்களிடம் எப்போதும் ஏதேனும் ஒன்று இருக்கிறது. கட்டுவதற்குத்தான் ஒரு முழத் துணி இருப்பதில்லை!

துணிக்கா பஞ்சம்? உலகுக்கே உள்ளாடை தைத்துக் கொடுக்கும் திருப்பூரில், மூட்டை மூட்டையாகப் பனியன் ஏறி இறங்கும் காதர்பேட்டையில், துணிக்குப் பஞ்சமில்லை. குருதி கொட்டும் கையை அந்தத் துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்ற அறிவுக்கும், பிடிப்பதற்கு நீளுகின்ற கைக்குமே பஞ்சம். இப்பஞ்சம் எப்படி வந்தது, எங்கே எவரால் தீர்ந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. வரலாறு கற்பிப்பது என் தொழில். வெட்டியவன் பெயரும் வென்றவன் பெயரும் பாடநூலில் ஆண்டோடு அச்சாகியிருக்கின்றன. புண்ணைக் கட்டியவர் பெயரைத்தான் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது. எடுத்தவற்றுள் சிலவற்றை இளைஞர் முன் வைக்கிறேன்.

நம் வீட்டிலிருந்தே தொடங்குவோம்.

பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்து, சேரன் செங்குட்டுவனைப் பரணர் பாடியது. அதில் ஒரு காட்சி: வாள் கிழித்த மார்பை நெடிய வெள்ளூசி தைக்கிறது. குளத்தில் மூழ்கி மூழ்கி எழும் மீன்கொத்தியைப் போல அவ்வூசி புண்ணில் மூழ்கி எழுகிறது என்கிறார் புலவர். புண்ணைத் தைக்கும் ஊசியைச் சங்கத் தமிழன் அறிந்திருந்தான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. ஆனால், அதே காலத்துப் புறநானூறு வேறொரு வீட்டையும் காட்டுகிறது. அங்கே புண்பட்டவனைப் பேய் அணுகாதிருக்க வேப்பிலை செருகுகின்றனர், வெண்சிறுகடுகு தூவுகின்றனர், புகை எழுப்புகின்றனர்.

ஊசி, அறிவின் பிள்ளை. புகை, அச்சத்தின் பிள்ளை. இரண்டும் ஒரே நாட்டில், ஒருவேளை ஒரே தெருவிலும் வளர்ந்தன. பின்வந்த நூற்றாண்டுகளில் எதற்குச் சோறிட்டோம்? புகை போட்டவனுக்குத் தட்சிணை கொடுத்தோம். ஊசி பிடித்தவனை ஊரின் ஓரத்தில் நிறுத்தினோம். புண்ணைக் கழுவியவர், கட்டியை அறுத்தவர், நள்ளிரவில் பிள்ளைப்பேறு பார்த்த அவர் வீட்டுப் பெண்கள் ஆகியோரை நாவிதர் என்றும் மருத்துவர் என்றும் பெயரிட்டழைத்து, கூலியாக நெல் அளந்து, மதிப்பை மட்டும் அளக்காமல் விட்டது இச்சமுதாயம். குருதியைத் தொட்டவன் தாழ்ந்தவன்; தொடாமல் தூர நின்றவன் உயர்ந்தவன்! தொடாமையே தருமம் என்று ஆன நாட்டில், தொட்டுக் காப்பாற்றும் கலை எப்படித் தழைக்கும்?

அது வேறு மண்ணில், வேறோர் அவலத்தில் முளைத்தது.

1859-ஆம் ஆண்டு ஜூன் 24. வட இத்தாலியில் சோல்ஃபெரினோ என்னும் ஊரருகே பிரெஞ்சு, சார்டீனியப் படைகளும் ஆஸ்திரியப் படையும் மோதின. மாலைக்குள் பல்லாயிரவர் புண்பட்டுக் களத்தில் கிடந்தனர். தண்ணீர் கொடுக்கவும் ஆளில்லை. வாணிக வேலையாக அப்பக்கம் வந்த ஜெனீவாக்காரர் ஹென்றி டூனாண்ட் அதைக் கண்டார். அவர் மருத்துவர் அல்லர். அருகிலிருந்த காஸ்டிலியோனே என்னும் சிற்றூரின் பெண்கள் மாதா கோவிலையே மருத்துவமனையாக்கினர். துணியைக் கிழித்துக் கட்டினர். நம்மவன் யார், மாற்றான் யார் என்று அவர்கள் கேட்கவில்லை. எல்லோரும் உடன்பிறப்புகளே என்பது அப்பெண்கள் சொன்ன சொல். அந்தச் சொல்லைச் சுமந்து டூனாண்ட் 1862-இல் நூல் எழுதினார். 1863-இல் செஞ்சிலுவை இயக்கத்திற்கு வித்திட்ட குழு அமைந்தது. 1864-இல் முதல் ஜெனீவா உடன்படிக்கை பிறந்தது. 1901-இல் அமைதிக்கான முதல் நோபெல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது.

போர்க்களத்திலிருந்து இக்கலை தொழிற்களத்துக்கு வந்த கதை இன்னும் நமக்கு நெருக்கமானது. இங்கிலாந்தில் 1877-இல் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கம் தோன்றியது. மறு ஆண்டு, பீட்டர் ஷெப்பர்டு என்ற படை மருத்துவர், பிரான்சிஸ் டங்கன் என்ற அதிகாரியுடன் சேர்ந்து, ஊல்விச் நகரில் பொதுமக்களுக்கு முதலுதவி வகுப்பு நடத்தினார். சுரங்கத் தொழிலாளியும், இரயில்வேத் தொழிலாளியும், காவலரும் கற்றனர். மருத்துவர் வந்து சேரும்வரை மாண்டுபோகாமல் காக்க, மருத்துவராக இருக்க வேண்டியதில்லை என்பது நிலைநாட்டப்பட்டது. ஷெப்பர்டு 1879 ஜனவரியில், தென்னாப்பிரிக்காவில் சூலு மக்கள்மீது தம் நாடு தொடுத்த ஆதிக்கப் போரில் மாண்டார். அவருடைய அரசு நடத்திய போரை வரலாறு பழிக்கிறது. அவர் நடத்திய வகுப்பையோ உலகம் இன்னும் தொடர்ந்து நடத்துகிறது. ஜெர்மனியில் எஸ்மார்க் என்ற அறுவை மருத்துவர் முக்கோணக் கட்டுத்துணியைப் பரப்பி, 1882-இல் கீல் நகரில் மக்களுக்கு வகுப்பெடுத்தார். பெரிய கருவியன்று, தோழர்களே! மூலைக்கு மூலை வெட்டிய துணி. அதைக் கட்டத் தெரிந்த கைதான் பெரிது.

இந்தியாவில் ஆலைகளுக்கான முதற்சட்டம் 1881-இல் வந்தது. ஏழு வயது நிரம்பாத குழந்தையை ஆலையில் வேலைக்கு வைக்கலாகாது என்பது அதன் பெருங்கருணை! ஏழு நிரம்பினால் ஒன்பது மணி நேரம் வரை வேலை வாங்கலாம்! திருப்பூரின் பனியன் தொழிலை 1925-இல் குலாம் காதர் தொடங்கிவைத்தார் என்று ஊர் வரலாறு கூறும். கையால் சுற்றிய இயந்திரம் மின்சாரத்தால் சுழன்றது. சுழற்சி பெருகப் பெருகக் காயமும் பெருகியது.

விடுதலைக்குப் பின் 1948-இல் வந்த தொழிற்சாலைச் சட்டத்தில் 45-ஆம் பிரிவு நாம் மனப்பாடம் செய்திருக்க வேண்டிய பிரிவு. 150 தொழிலாளிக்கு ஒரு முதலுதவிப் பெட்டிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். வேலை நேரம் முழுவதும் அது கைக்கெட்ட வேண்டும். முதலுதவியில் சான்றிதழ் பெற்ற ஒருவர் அதற்குப் பொறுப்பாக இருக்க வேண்டும் என்றது அப்பிரிவு. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய தொகுப்பும் பெட்டியைக் கைவிடவில்லை. ஆனால் தொழிற்சாலை என்று பெயர் பெறுவதற்குரிய ஆள்கணக்கை, மின்விசை உள்ள இடத்தில் 10-இலிருந்து 20 ஆகவும், இல்லாத இடத்தில் 20-இலிருந்து 40 ஆகவும் உயர்த்திவிட்டது. கட்டிங் ஓரிடம், தையல் வேறிடம், செக்கிங் மற்றோரிடம் என்று சிறுசிறு கொட்டகைகளாகப் பிரிந்து கிடக்கும் ஊருக்கு இவ்வெண்ணிக்கை சிறிய செய்தியா? ஓவர்லாக் ஓட்டும் எட்டுப் பேரின் விரல், எண்பது பேரின் விரலைவிட மலிவானதா?

பெட்டி இருக்கும் இடத்திலும் பூட்டு இருக்கிறது. சாவி மேலாளரிடம், மேலாளர் வெளியூரில்! பூட்டின் வரலாறு கொடியது. 1911 மார்ச் 25 அன்று நியூயார்க் நகரின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பற்றியபோது, ஒரு வாயிற்கதவு பூட்டிக் கிடந்தது. 146 பேர் மாண்டனர். பெரும்பாலோர் தையல் வேலைக்கு வந்த இளம்பெண்கள். நம் கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளிக் கூரையில் பற்றிய தீ 94 குழந்தைகளைக் கொன்றது. நான் நிற்பது போன்ற ஒரு வகுப்பறை அது. காதர்பேட்டையிலும் 2023 ஜூனில் பனியன் சந்தை எரிந்து ஏறத்தாழ ஐம்பது கடைகள் சாம்பலாயின. பொருள் போனால் திரும்பும். நெருங்கிய சந்தும், கூரை தொடும் துணி மூட்டையும், வழியை மறிக்கும் அட்டைப் பெட்டியும் இருக்கும் இடத்தில், அடுத்த தீ பொருளோடு நிற்கும் என்று எந்தச் சோதிடன் உறுதி தருவான்?

முதலுதவியின் வரலாற்றில் 1960 ஒரு திருப்புமுனை. அதுவரை நின்ற இதயத்தை இயக்க, மார்பைப் பிளந்து கையால் பிசைவதே மருத்துவமனை முறை. அந்த ஆண்டு, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த கௌவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் என்ற மூவர், மார்பைத் திறக்காமலேயே நடுநெஞ்சை இரு கைகளால் அழுத்தி இதயத்தை இயக்கலாம் என்று வெளியிட்டனர். கௌவன்ஹோவன் மின்பொறியியலாளர்! கத்தி பிடித்தவர் கையில் மட்டும் இருந்த உயிர்க்கலை, கைமடி வேலை செய்யும் தங்கையின் கைக்கும் வந்தது. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, வளர்ந்தோருக்கு ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழம். இவ்வளவே மந்திரம்.

ஆனால் இதற்கொரு விலை உண்டு. தொட வேண்டும்! கீழே கிடப்பவன் நெஞ்சில் கை வைக்கும்போது சாதி கேட்க நேரமில்லை. கேட்டு முடிப்பதற்குள் மூளை சாகத் தொடங்கிவிடும். குருதிக் குழாயை அழுத்துகிற விரலுக்குத் தீட்டு ஏது? தீண்டாமையை மேடையில் நின்று மறுப்பது எளிது. தெருவில் மண்டியிட்டு மறுக்கும் பயிற்சிக்குப் பெயர்தான் முதலுதவி.

இனி, பகுத்தறிவுக்கு வேலை தரும் சில பழக்கங்களைப் பார்ப்போம். வலிப்பு வந்தவன் கையில் இரும்புச் சாவி திணிக்கின்றனர். சாவி பூட்டைத் திறக்கும், வலிப்பை நிறுத்தாது. அருகிலுள்ள கூர்மையானவற்றை அகற்றுக. வாயில் எதையும் திணியாதீர். துடிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடத்துக்குமேல் நீடித்தால் மருத்துவமனை. மயங்கியவன் வாயில் சோடா ஊற்றுகின்றனர். அது மூச்சுக்குழலில் இறங்கினால் கொல்லும். அயர்ன் பெட்டி சுட்ட கையில் மையும் மாவும் பற்பசையும் பூசுகின்றனர். வேண்டியது இருபது நிமிடம் ஓடும் குளிர்ந்த நீர். வெட்டுக் காயத்தில் காபித்தூள் அப்புகின்றனர்; வேண்டியது தூய துணியும் விடாத அழுத்தமும். துண்டான விரலை ஈரத்துணியில் சுற்றி, உறையிலிட்டு, அந்த உறையைப் பனிக்கட்டிமேல் வைத்து ஆளோடு அனுப்புங்கள். விரலைப் பனிக்கட்டியில் நேரே புதைக்காதீர். மின்சாரம் பற்றியவனைத் தொடுமுன் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். கழிவுத் தொட்டியில் மயங்கியவனைத் தூக்க அடுத்தவன் குதிப்பதால்தான் ஒரு சாவு மூன்றாகிறது. தீயணைப்புத் துறையை அழைத்துக் காத்து நிற்பது கோழைத்தனமன்று. அத்தொட்டியில் மனிதனை இறக்கியதே குற்றம் என்பதை மறவாதீர்.

“தொட்டால் போலீசு வழக்கு வரும்” என்று அஞ்சுவோர்க்கு ஒரு சொல். உதவிய வழிப்போக்கரைத் தொல்லைப்படுத்தலாகாது என்ற விதிமுறைகளை 2016-இல் உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கியது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திருத்தம் அதற்குச் சட்டக் காப்பும் தந்தது. தமிழகத்தில் 108 ஊர்தி 2008 முதல் ஓடுகிறது. அச்சம் நீங்கியது, அறிவு வர வேண்டும்.

அவ்வறிவு எந்த மொழியில் வரும்? 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில் இருந்து தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். பிறமொழியில் கற்ற மருத்துவம் ஊரை அடையாது என்பதை அயல்நாட்டார் ஒருவர் அன்றே உணர்ந்திருந்தார். ஆபத்து நேரத்தில் மனிதனின் காதில் விழுவது தாய்மொழி ஒன்றே. இந்த உண்மையைத் தமிழுக்கு மட்டும் என்று நாம் வைத்துக்கொள்ளலாகாது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நம்மோடு ஷிப்டு பார்க்கும் தோழனுக்கு, வெளியேறும் வழியும் மெயின் சுவிட்ச் இருக்குமிடமும் அவன் படிக்கும் எழுத்தில் எழுதியிருக்கிறதா? மொழியுரிமை பேசும் நாம் அதை எழுதி ஒட்டுவோம். நம் கொள்கைக்கு அது இழுக்கன்று, அதுவே கொள்கை.

ஆகவே, தம்பி, படிப்பகம் இருக்கும் ஒவ்வொரு தெருவிலும் மாதம் ஒரு ஞாயிறு முதலுதவி வகுப்பு நடக்கட்டும். செஞ்சிலுவைச் சங்கத்தாரையும், செயின்ட் ஜான் சங்கத்தாரையும், தீயணைப்பு வீரரையும் அழையுங்கள். டைலரும் கைமடியும், பள்ளி மாணவரும் பாத்திரம் தேய்க்கும் அம்மாவும் ஒரே பாயில் அமர்ந்து, ஒருவர் கையை ஒருவர் பற்றிக் கட்டுப்போட்டுப் பழகட்டும். திங்கட்கிழமை கம்பெனிக்குப் போனதும் மேலாளரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: பெட்டி எங்கே? சாவி எவரிடம்? பயின்ற கை எது?

மூன்றாவது கேள்விக்கு விடையாக உங்கள் கையை உயர்த்துங்கள்.